துயிலுக்கு ஒரு கணக்கு

மாணாக்கர் நடுவே இந்நாளில் ஒரு கணக்கு வழங்கி வருகின்றது. துயில் என்பது சுழல் சுழலாக வருவது. ஒரு சுழலுக்கு 90 நிமிடம். சுழல் முடியுந் தறுவாயில் எழுந்தவன் தெளிவோடு எழுவான். சுழலின் நடுவே எழுப்பப்பட்டவன் சோர்வோடு எழுவான். ஆதலால் 90 நிமிடத்தின் மடங்குகளாகத் துயிலை அளந்து கொள்ளுதல் வேண்டும். இதுவே அக்கணக்கு. இதன்படி நள்ளிரவு 12 மணிக்குக் கண்ணயர்ந்தவன் நாலரை மணிக்கு எழுந்துவிடலாம். மூன்று சுழல்கள் நிறைந்துவிட்டன. ஐந்தேகால் மணி வரை கிடந்தானாயின் கெட்டான். நான்காஞ் சுழலின் நட்டநடுவில் அகப்பட்டுக் கொள்வான். முக்கால் மணி நேரம் கூடத் துயின்றவன், குறையத் துயின்றவனிலும் களைத்தவனாவான் என்பது இக்கணக்குத் தரும் விடை.

உயர்தரப் பரீட்சைக்குப் படிப்போர் இதனைப் பெரிதும் நம்புகின்றனர். முதற்பாட வேளையிலே கண் செருகியிருக்கும் மாணாக்கனை அழைத்து, "இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய்?" என வினவினால், "பன்னிரண்டுக்கு, ஐயா, ஆனால் மூன்று சுழல் முழுதாய் நித்திரை கொண்டேன்" என்று விடை வருகின்றது. கணக்குச் சரியாகவே இருக்கின்றது. கண் மாத்திரம் அதனை ஒப்புக்கொள்ளவில்லை.

யான் இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பவன். உடற்றொழில் நூல் என் துறை அன்று. எனினும், ஒரு கருத்தை ஏற்குமுன் அதற்கு அளவை யாது என வினவுதல் நம் மரபு. காட்சி, கருதல், உரை என அளவையை மூன்றாக வகுத்தனர் முன்னோர். இந்த 90 நிமிடம் மாணாக்கருக்கு உரையளவையாகவே வந்து சேர்ந்தது. ஒருவன் சொல்ல மற்றொருவன் கேட்டான். இதன் பின்னே காட்சியளவை உண்டா? உண்டாயின், எவர் கண்டார்? எதனைக் கண்டார்? கண்டது எவ்வளவு நுண்மையானது? இவற்றை ஆராய்ந்த பின்னரே மணிக்கூட்டின் முள்ளைத் திருப்புதல் தகும்.

சிக்காகோவிலே கண்ட காட்சி

துயில்பவன் தன் துயிலைக் காணான். காண முயன்றால் துயில் வாராது. இவ்விடர்ப்பாடு காரணமாக, துயில் நெடுங்காலம் வெறும் ஓய்வு என்றே எண்ணப்பட்டது. விளக்கை அணைத்தாற்போல மூளையும் அணைந்து கிடக்கும் என்பது பலருடைய கருத்து. இக்கருத்தை அசைப்பதற்கு வழி திறந்தவர், ஜேர்மனி தேசத்து யேனா நகரில் மருத்துவராயிருந்த ஹான்ஸ் பேர்கர் என்பவர். அவர் 1924ஆம் ஆண்டிலே மனிதர் தலையில் மின்வாய்களைப் பொருத்தி, மூளையில் எழும் நுண்ணிய மின்னலைகளை முதன்முதலிற் பதிவு செய்தார். 1929இல் அதனை வெளியிட்டார். விழித்திருக்கும்போது ஒருவகை அலை, உறங்கும்போது வேறுவகை அலை என்பது இதன்வழித் தெளிவாயிற்று. துயில்பவனை எழுப்பாமலே அவன் துயிலை வாசிக்க ஒரு வழி பிறந்தது.

அமெரிக்காவிலே, சிக்காகோ சர்வகலாசாலையில், நதானியேல் கிளைற்மன் என்னும் பேராசிரியர் துயிலாராய்ச்சியையே வாழ்நாட் பணியாகக் கொண்டிருந்தார். 1895இற் பிறந்து, 1999இல் தமது 104ஆம் வயதில் மறைந்தவர் அவர். அவரிடம் ஆராய்ச்சி மாணவராய்ச் சேர்ந்தவர் யூஜீன் அசெரின்ஸ்கி. உறங்குபவரின் இமையின் கீழே விழி எவ்வாறு அசைகின்றது என நோக்குவது அம்மாணவர் மேற்கொண்ட பணி. கட்டடம் ஒன்றின் நிலவறையிற் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய பதிகருவியைச் செப்பஞ் செய்து, தம் எட்டு வயது மகனைக் கட்டிலிற் கிடத்தி, 1951ஆம் ஆண்டின் இறுதியில் இரவிரவாகப் பதிவு செய்யத் தொடங்கினார். ஓரிரவுக்கு அரை மைல் நீளமான தாள் செலவாயிற்று.

இரவின் சில வேளைகளிற் பேனா முனைகள் தாளின்மேல் வெகு வேகமாக ஓடின. மகன் விழித்துவிட்டான் போலும் எனத் தந்தை அறையுட் சென்று பார்த்தார். சிறுவனோ அயர்ந்து உறங்கிக் கொண்டிருந்தான். உடல் துயில, விழிகள் மாத்திரம் இமையின் கீழ் விரைந்து அசைந்தன. சிறிது நேரத்தில் அடங்கின. பின்னர் மீண்டும் எழுந்தன. வளர்ந்தோரிடத்தும் இதுவே காணப்பட்டது. விழி அசையும் வேளையில் 27 முறை எழுப்பி வினவியபோது, 20 முறை கனவு கண்டதாக விடை வந்தது. விழி அசையாத வேளையில் 23 முறை எழுப்பியபோது, 19 முறை கனவென்று கூற ஒன்றும் இருக்கவில்லை. ஆசிரியரும் மாணவரும் 1953ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 'சயன்ஸ்' என்னும் சஞ்சிகையில் இதனை வெளியிட்டனர். இரண்டே பக்கங் கொண்ட கட்டுரை அது. துயிலாராய்ச்சி என்னும் துறை முழுவதும் அவ்விரு பக்கங்களின் பின்னே புதிய முகங் கொண்டது.

அடுத்து, வில்லியம் டிமென்ற் என்னும் இன்னொரு மாணவர் கிளைற்மனோடு சேர்ந்து, 33 பேரை 126 இரவுகள் பதிவு செய்து, 1957இல் முடிபுகளை வெளியிட்டார். துயில் ஒரே சீராகக் கிடப்பதன்று. மெல்லியதாய்த் தொடங்கி, ஆழ்ந்து, மீண்டும் மேலெழுந்து, விழியசைவு நிலையை எய்தி, மறுபடியும் ஆழ்கின்றது. இச்சுற்று ஒன்றுக்குச் சராசரி ஏறத்தாழ 90 நிமிடம் என அவர்கள் கண்டனர். மாணாக்கர் கையில் இருக்கும் எண் பிறந்த இடம் இதுவே. ஆதலின் காட்சியளவை உண்டு. ஆனால், 'சராசரி' என்பதும் 'ஏறத்தாழ' என்பதுமாகிய இரண்டு சொற்கள், சிக்காகோவிலிருந்து நம் வகுப்பறை வரும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டன.

ஓரிரவின் அமைப்பு

துயிலைக் குறிக்க நம் மொழியிற் சொற்கள் பல. உறக்கம், கண்படை, துயில், துஞ்சல் என்பன நூல்வழக்கு. நித்திரை என்பது நம் நாட்டு வீட்டு வழக்கு. தூங்குதல் என்பதற்குத் தொங்குதல், அசைதல் என்பன பழைய பொருள்கள். தலை தொங்கி அசைகின்ற நிலையை நோக்கி அச்சொல் உறக்கத்துக்கும் ஆயிற்று. துஞ்சுதல் என்பதோ இறத்தலையும் உணர்த்தும். தலை அசைகின்ற தூக்கம் முதல் இறப்பையொத்த துஞ்சல் வரை, துயிலுக்குப் படிகள் உண்டு என்பது சொல்லளவிலேனும் நமக்குப் புதிதன்று.

விஞ்ஞானிகள் இப்பொழுது துயிலை நான்கு நிலைகளாக வகுக்கின்றனர். முதலாவது, கண்ணயரும் நிலை. இது சில நிமிடமே நிற்கும். இந்நிலையிலுள்ளவனை எழுப்பினால், "நான் நித்திரை கொள்ளவில்லையே" என்று சாதிப்பான். இரண்டாவது, மெல்லிய துயில். இரவின் ஏறத்தாழப் பாதி இதிலேயே கழியும். மூன்றாவது, ஆழ்துயில். மூளையின் மின்னலைகள் பெரியனவாயும் மெதுவானவையாயும் வரும் நிலை இது. பயணத்தில் உறங்கிப்போன குழந்தையை வண்டியிலிருந்து தூக்கிவந்து பாயிற் கிடத்தினாலும் அது அறியாதிருப்பது இந்நிலையிலேயாம். நான்காவது, விழியசைவுத் துயில். கனவு மிகுவது இங்கே. மூளை விழித்தவன் மூளைபோல் முயன்றுகொண்டிருக்கும். கைகால்களோ தளர்ந்து கிடக்கும். வளர்ந்தோர் துயிலில் நாலில் ஒரு பங்கு, அல்லது அதனிற் சற்றுக் குறைவு, இந்நிலைக்கு உரியது.

இந்நான்கும் வந்து மீளுதல் ஒரு சுழல். ஓரிரவில் நான்கு முதல் ஆறு சுழல்கள் அமையும். இங்கே உற்றுநோக்க வேண்டுவது ஒன்றுண்டு. சுழல்கள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஆழ்துயிலின் பெரும்பங்கு இரவின் முதல் மூன்றிலொரு பகுதியிலேயே வந்து முடிந்துவிடும். விழியசைவுத் துயில் முதற் சுழலிற் சில நிமிடமே நின்று, சுழல்தோறும் நீண்டு, விடியற்புறத்தில் அரைமணி வரை கூடச் செல்லும். முன்னிரவு ஆழத்துக்கு உரியது. பின்னிரவு கனவுக்கு உரியது. நாலரை மணியோடு துயிலை அறுத்துக் கொள்பவன் மூன்று சுழல்களை முழுதாய்ப் பெற்றான் என்பது உண்மையாயினும், அவன் இழந்தவை பெற்றவற்றைப் போன்றவை அல்ல. கனவு மிகுந்த நீண்ட சுழல்களையே இழந்தான்.

எழுந்தும் எழாமை

இனி, சோர்வோடு எழுதல் என்பது யாது? கண் திறந்த கணமே மூளை முழுவதும் விழித்துவிடுவதில்லை. எழுந்தவன் நடப்பான், பேசுவான். ஆனால் கருத்து ஓடாது, நினைவு தடுமாறும். இந்நிலை பெரும்பாலும் கால்மணி முதல் அரைமணி வரை நிற்கும். சிலவேளை ஒருமணிக்கு மேலும் நீளும். இதனைத் துயிலெச்சம் என்று கூறலாம். துயில் போயிற்று, அதன் எச்சம் போகவில்லை.

துயிலெச்சம் மூன்று காரணங்களால் மிகும். ஆழ்துயிலின் நடுவே எழுப்பப்படுதல் ஒன்று. முந்திய நாட்களிற் குறையத் துயின்றிருத்தல் மற்றொன்று. உடலின் வெப்பநிலை தாழ்ந்திருக்கும் பின்னிரவு வேளையில் எழுதல் வேறொன்று. மாணாக்கரின் கணக்கு இவற்றுள் முதலாவதை மாத்திரம் கண்டது. ஏனைய இரண்டையும் விட்டுவிட்டது. முன்னிரவில் ஆழ்துயிலில் இருப்பவனை எழுப்பினால் அவன் தடுமாறுவான் என்பது மெய்யே. அந்த மெய்யை இரவு முழுவதற்கும் விரித்துக் கொண்டதிலேதான் வழு இருக்கின்றது.

அரசனைத் துயிலினின்று எழுப்புவதற்கென்றே நம் புறத்திணையில் ஒரு துறை அமைந்திருக்கின்றது. துயிலெடை நிலை என்பது அதன் பெயர். சூதர் புகழ்பாடி எழுப்புவர். புகழ்தல் அத்துறையின் நோக்கம், உடல்நலம் அன்று. ஆயினும், பாட்டுத் தொடங்கி முடியுமளவும் துயிலுக்கும் எழுச்சிக்கும் இடையே ஓர் இடைவெளி அங்கே கிடைக்கின்றது. தலைமாட்டில் அலறும் அலாரம் அவ்விடைவெளியைத் தருவதில்லை. எழுந்தவுடன் கடினமான கணிதத்தை எடுப்பவன், இன்னும் முழுதும் விழிக்காத மூளையோடு மல்லாடுகின்றான். முகங்கழுவி, வெளிச்சத்தில் அரைமணி நடமாடிய பின் புத்தகத்தைத் தொடுதல் அறிவுடைமை.

கணக்கைச் சோதித்தல்

இனிக் கணக்கையே எடுத்துக் கொள்வோம். சராசரி 90 நிமிடம் எனின், அதற்கு மேலும் கீழும் உள்ளவர் உண்டு என்பது பொருள். ஒரு சுழல் 70 நிமிடத்தினும் முடியலாம்; 120 நிமிடம் வரையும் செல்லலாம். ஒருவருக்கே ஓரிரவுக்குள்ளே சுழல்கள் நீளத்தில் வேறுபடும். முதற் சுழல் பொதுவாகக் குறுகியது. ஐந்து சுழலை எண்ணி, ஏழரை மணி நேரத்தில், அதாவது 450 நிமிடத்தில், அலாரம் வைத்த இருவரை நினைத்துப் பாருங்கள். ஒருவனுடைய சுழல் 80 நிமிடம். அவன் ஐந்தையும் 400 நிமிடத்தில் முடித்து, ஆறாவதில் 50 நிமிடம் சென்றவனாய் இருப்பான். மற்றவனுடைய சுழல் 100 நிமிடம். அவன் நான்கையே முடித்து, ஐந்தாவதில் 50 நிமிடம் சென்றவனாய் இருப்பான். இருவரும் சுழலின் நடுவிலேயே எழுப்பப்படுகின்றனர். கணக்கு இருவருக்கும் பொய்த்தது.

அன்றியும், எப்போது கண்ணயர்ந்தோம் என்பதைக் குறித்துவைப்பவர் எவருமிலர். படுத்த நேரம் தெரியும். துயின்ற நேரம் தெரியாது. ஐந்து நிமிடத்திலும் வரலாம். ஐம்பது நிமிடத்திலும் வரலாம். தொடக்கமே அறியாத கணக்கின் முடிவை எவ்வாறு குறிப்பது? தலையணையருகே வைக்கும் கைபேசியும், மணிக்கட்டிற் கட்டும் கருவியும் துயிலின் நிலையை அறிந்து எழுப்பும் எனச் சிலர் கூறுவர். அவை உடலசைவையும் நாடித் துடிப்பையும் கொண்டு நிலையைக் கருதுவன. மூளையலையைக் காண்பன அல்ல. அளவைநூல் முறையிற் கூறின், அது கருதலளவை, காட்சியளவை அன்று.

இவ்விடத்தில் நம்மவர் ஒருவர் எழுந்து வேறொன்று கூறக்கூடும். இரவு 30 நாழிகை. அதனை நான்கு யாமமாகப் பகுத்தனர் முன்னோர். ஒரு யாமம் ஏழரை நாழிகை. நாழிகைக்கு 24 நிமிடமாக, யாமம் 180 நிமிடம். அதில் அரைவாசி 90 நிமிடம். "பார்த்தீர்களா, சிக்காகோவுக்கு முன்னரே நம்மவர் கண்டுவிட்டனர்!" என்பார். எண் ஒத்திருப்பது மெய். ஆனால், இரவை நாலாய்ப் பகுத்தது காவலும் பொழுதும் அறிதற்பொருட்டு. சூரியன் மறையத் தொடங்கும் யாமத்துக்கும், ஒருவன் கண்ணயரத் தொடங்கும் சுழலுக்கும் தொடர்பில்லை. ஒப்புமை வேறு, சான்று வேறு. முன்னோர் செய்தவற்றுக்கே புகழ் போதிய அளவு உண்டு. செய்யாதவற்றையும் அவர் தலையில் ஏற்றுதல் வேண்டா.

இவை எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. போதிய நேரம் துயின்றவனுக்குப் பின்னிரவிலே ஆழ்துயில் மிகச் சிறிதே எஞ்சியிருக்கும். அவனைச் சுழலின் எவ்விடத்தில் எழுப்பினும், பெரும்பாலும் மெல்லிய துயிலிலோ கனவிலோ இருந்தே எழுவான். ஆகவே அவனுக்கு இக்கணக்கு வேண்டுவதில்லை. நாள்தோறும் குறையத் துயில்பவனுக்கோ ஆழ்துயில் வேட்கை மிகும். வேண்டாத வேளையிலும் மூளை ஆழத்தை நோக்கிச் செல்லும். அவன் எதிர்பார்க்கும் விளிம்பிலே அவனுக்கு விளிம்பு கிடையாது. கணக்கை நாடுபவர் குறையத் துயில்வோர். அவர்க்கே கணக்குப் பொய்க்கின்றது.

குகையிலே இரு மனிதர்

அவ்வாறாயின், தெளிவோடு எழுவதற்கு வழி யாது? இதற்கு விடை தேட மீண்டும் கிளைற்மனிடமே செல்லவேண்டும். விழியசைவு காணப்படுதற்குப் பல ஆண்டு முன்னர், 1938ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அவர் புரூஸ் றிச்சட்சன் என்னும் மாணவரோடு கென்ரக்கி மாநிலத்திலுள்ள மமத் குகையுட் புகுந்தார். சூரிய ஒளி அங்கே எட்டாது. வெப்பநிலை எந்நேரமும் ஏறத்தாழ 12 பாகை. எலிகள் ஏறாதபடி கட்டிற் கால்கள் உயரமான தகரங்களுள் நிறுத்தப்பட்டன. இருவரும் 32 நாள் அங்கே தங்கினர். நாளுக்கு 24 மணி என்பதை விடுத்து, 28 மணி கொண்ட ஒரு நாளை வகுத்துக்கொண்டனர். 19 மணி விழிப்பு. 9 மணி துயில். உடல் இதற்கு இசையுமா என்பதே வினா. இசைந்ததா என்பதை உடல் வெப்பநிலையை அடிக்கடி அளந்து கண்டனர்.

இருபது வயதுகளில் இருந்த மாணவரின் உடல் புதிய நாளுக்கு இசைந்துகொடுத்தது. 43 வயதினரான ஆசிரியரின் உடல் இசையவில்லை. வெளியே உலகம் வைத்திருக்கும் மணிக்கூட்டையே அவர் உடல் இருளினுள்ளும் பின்பற்றியது. படுக்கச் சொன்ன வேளையிலே விழிப்பு. விழிக்கச் சொன்ன வேளையிலே அயர்வு. உடலுள்ளே ஒரு மணிக்கூடு உண்டு என்பதற்கு இது பழைய சான்றுகளுள் ஒன்று. அம்மணிக்கூடு மூளையின் அடியிலே, கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு மேலே அமைந்திருப்பது பிற்காலத்தில் அறியப்பட்டது. உயிரணுக்களுள் அது இயங்கும் முறையைக் கண்டறிந்த அமெரிக்கர் மூவருக்கு 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனிதரிடத்து அம்மணிக்கூடு 24 மணியிற் சில நிமிடம் கூடவே ஓடுவது. ஆதலின் அதனை நாள்தோறும் திருத்த வேண்டும். திருத்தும் கை காலையொளியே.

இந்த உள்மணிக்கூட்டோடு உள்ளமும் சேர்ந்து தொழிற்படும் என்பதற்கு, ஜேர்மனியின் லூபெக் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் 1999இல் வெளியிட்ட சான்று சுவையானது. 15 பேரை நள்ளிரவிலே துயிலச் செய்தனர். காலை 6 மணிக்கு எழுப்புவோம் எனச் சில இரவுகளிற் கூறினர். 9 மணிக்கு எழுப்புவோம் எனக் கூறிவிட்டு 6 மணிக்கே சில இரவுகளில் எழுப்பினர். ஆறு மணிக்கென்று அறிந்து படுத்தோரின் இரத்தத்திலே, உடலை எழுச்சிக்கு ஆயத்தஞ் செய்யும் ஓமோன் ஒன்று, எழுமுன் ஒருமணி நேரமாகவே ஏறத் தொடங்கியது. எதிர்பாராது எழுப்பப்பட்டோரிடம் அவ்வாறு ஏறவில்லை. உறங்குபவன் தான் எழவேண்டிய நேரத்தை உறக்கத்திலும் காத்திருக்கின்றான். "நாளை ஐந்து மணிக்கு எழவேண்டும்" என்று நினைத்துப் படுத்தால் அலாரம் அடிக்குமுன் விழிப்பு வரும் எனத் தாய்மார் கூறுவதில் உண்மை இல்லாமல் இல்லை.

தெளிவோடு எழும் வழி இதனால் விளங்கும். சுழலை எண்ணுதல் அன்று. எழும் நேரத்தை மாற்றாதிருத்தலே வழி. பள்ளி நாளிலும் விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில் எழுபவனுக்கு, உடல் முன்னதாகவே கதவைத் திறந்து வைக்கின்றது. நம் நாட்டிலே கதிரவன் ஆண்டு முழுவதும் காலை ஆறு மணியை அடுத்தே எழுகின்றான். வட நாடுகளிற் போல மாரியில் எட்டு மணி வரை இருள் இல்லை. உள்மணிக்கூட்டைத் திருத்திக்கொள்ள இதனினும் வாய்ப்பான நாடு வேண்டுமா?

குறைந்த துயிலும் நம் நேரசூசியும்

எழும் நேரம் நிலைத்தால் மாத்திரம் போதாது. படுக்கும் நேரமும் அதற்கு ஏற்றதாதல் வேண்டும். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்க்கு 8 முதல் 10 மணித் துயில் வேண்டும் என அமெரிக்கத் துயில் மருத்துவக் கழகம் 2016இல் அறிவித்தது. வளர்ந்தோர்க்கு 7 மணிக்குக் குறைதல் ஆகாது. "ஐயா, எனக்கு ஐந்து மணி போதும், பழகிவிட்டேன்" என்போர் உளர். இவர்க்கு விடை 2003இல் வெளிவந்தது. பென்சில்வேனியா சர்வகலாசாலையில் 48 பேரை வைத்து ஆராய்ந்தனர். 14 நாள் தொடர்ந்து இரவுக்கு 6 மணி மாத்திரம் துயின்றோரின் கவனமும் நினைவும் நாள்தோறும் குறைந்து சென்றன. ஈற்றில், ஓரிரவோ ஈரிரவோ கண்மூடாதிருந்தோரின் நிலைக்கு அவர் இறங்கினர். அச்சந் தருவது இதுவன்று. தாம் மங்கி வருவதை அவர் பெரும்பாலும் உணரவில்லை என்பதே அச்சந் தருவது. பழகிவிட்டேன் என்பவன் பழகியது துயிற்குறைக்கு அன்று, தன் மந்தத்துக்கே.

துயிலைக் குறைத்துப் படிப்பவன் தன் படிப்பையும் குறைக்கின்றான். இதுவும் பழைய செய்தி. 1924இலேயே கோர்ணெல் சர்வகலாசாலையில், ஜெங்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் பொருளற்ற அசைகளை மாணவர்க்கு மனனஞ் செய்வித்துச் சோதித்தனர். மனனஞ் செய்தபின் துயின்றோர்க்கு மறதி குறைவு. அதே அளவு நேரம் விழித்திருந்தோர்க்கு மறதி மிகுதி. படித்ததைப் பதியவைக்கும் வேலையில் துயிலுக்கும் பங்கு உண்டு. நூற்பாவை நூறு முறை உருப்போடுவோர் இதனை மனங்கொள்வாராக.

சில நடைமுறைகளையும் கூறிவிடுகின்றேன். இரவுப் படிப்புக்குக் கோப்பி துணை என எண்ணுவர். அதிலுள்ள கஃபீனிற் பாதி, ஏறத்தாழ ஐந்து மணி நேரஞ் சென்ற பின்னும் உடலில் எஞ்சியிருக்கும். பிற்பகலின் பின் அதனைத் தவிர்த்தல் நன்று. பகலிலே அயர்வு மிகுந்தால் 20 நிமிடம் கண்ணயரலாம். ஆழ்துயில் தொடங்குமுன் எழுந்துவிடலாம். ஒருமணி நேரம் கிடந்தால் ஆழத்திலிருந்து எழவேண்டி வரும். மாலை முழுதும் அதன் எச்சம் நிற்கும். படுக்குமுன் கைபேசியை வேறோர் அறையில் வைத்துவிடுக.

இனி, மாணாக்கரை விட்டு ஆசிரியராகிய நம்மை நோக்கி ஒன்று. பதின்ம வயதிலே உள்மணிக்கூடு சற்றுப் பின்தள்ளி ஓடுகின்றது என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். பதினாறு வயதினனுக்கு இரவு ஒன்பது மணிக்கு நித்திரை வாராமையும், விடியலில் விழிப்பு வாராமையும் முற்றும் சோம்பல் அல்ல; பருவத்தின் இயல்பும் உண்டு. பள்ளி ஏழரை மணிக்குத் தொடங்குகின்றது. தொலைவிலிருந்து வருபவன் ஐந்து மணிக்கு எழவேண்டும். எட்டு மணித் துயில் வேண்டுமாயின் ஒன்பது மணிக்குப் படுக்கவேண்டும். பள்ளி விட்டபின் ஒரு தனியார் வகுப்பு, அதன்பின் இன்னொன்று, வீடு சேரும்போது எட்டு மணி, உணவு, பின்னர் நாம் கொடுத்த வீட்டுவேலை. எஞ்சுவது என்ன? கூட்டிப் பாருங்கள். துயிலுக்கு இடம் வைக்காமல் நாளை நிரப்பியவர் நாம். இருக்கின்ற நாலரை மணியை மூன்று சுழல் என்று பெயரிட்டு ஆறுதல் அடைகின்றான் பிள்ளை.

மாணாக்கனுடைய கணக்கைத் திருத்துதல் எளிது. அதற்கு முன் நம் நேரசூசியைத் திருத்துதல் வேண்டும். அடுத்த தவணைக்கு வீட்டுவேலையைப் பகிரும்போது, ஒவ்வோர் ஆசிரியரும் தத்தம் பாடத்துக்கு ஒருமணி நேரம் என எடுத்துக் கொள்ளாமல், வகுப்பு முழுவதற்கும் சேர்த்து எத்தனை மணி என ஒருங்கிருந்து எண்ணுவோமாக. பெற்றோரும் விடியல் வகுப்பு ஒன்றைக் குறைத்துவிட முன்வருவாராக. அப்போது பிள்ளை பத்து மணிக்கேனும் படுப்பான், காலையொளியோடு எழுவான், முதற்பாட வேளையிலே அவன் கண்ணும் திறந்திருக்கும்.